போகியன்று எரிந்த பெட்டி

சென்ற மாதம் எங்கள் பழைய கம்பெனியின் ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் சேர்ந்தவள், முகம் தெரியாது. "மேடம், பழைய ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போடப் போறோம். அதுக்குள்ள ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கு, மேல 'கன்னியம்மா ஊடு'ன்னு எழுதியிருக்கு. உங்க கையெழுத்துன்னு சொல்றாங்க. யாராவது விளையாட்டுக்கு எழுதினதா மேடம்?" என்றாள்.

விளையாட்டா! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அந்தக் குழாயைத் தொட்டியோ, கையை ஒடிச்சிடுவேன்" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோய் ஃபோனையே வைத்துவிட்டாள். பிறகு நானே அழைத்து, சமாதானம் சொல்லி, முழுக்கதையையும் எழுதி அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதுதான் இது.

என் பெயர் அலமேலு. அப்பா திருவள்ளூர் கோர்ட்டில் குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங்கும் முடித்து, இரண்டு வருஷம் வீட்டில் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஒரு வினிகர் தொழிற்சாலை வருகிறது, பெண் தொழிலாளர்களை மேற்பார்க்கப் படித்த பெண் ஒருத்தி வேண்டுமாம் என்று யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். அறுபதுகளின் கடைசி. அந்தப் பக்கம் அப்போது தொழிற்பேட்டையெல்லாம் கிடையாது. கருவேல மரமும் உப்புக்காற்றும்தான். நடுவில் எங்கள் தகரக் கூரை. திங்கட்கிழமை விடியலில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்குவேன். வாரம் முழுக்க அத்தை வீட்டில் தங்கிவிட்டு சனிக்கிழமை திருவள்ளூர். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் அரிசி கழுவினேன்.

முதலாளி சென்னைக்காரர், மாதம் ஒருமுறை தலைகாட்டுவார். ஜப்பானுக்குப் போனபோது அரிசியில் செய்த வினிகரை ருசி பார்த்தவர், அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த குடும்பத்திலிருந்து ஒருவரையே கையோடு கூட்டி வந்துவிட்டார். அவர்தான் ஒகிமுரா சார். முப்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம். எந்த வெயிலிலும் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றாதவர். தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு அறையில் தங்கியிருந்தார்.

அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது கன்னியம்மா. பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம் அவளுடையது. ஏரியோரக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வருவாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அரிசி வேகவைக்கும் பகுதியில் அவளைத் தவிர எட்டுப் பெண்கள் இருந்தார்கள். பேருக்கு நான் மேற்பார்வை, நடத்துவது அவள். அவளிடம் கற்றதால் சாரின் தமிழ் எப்படியிருக்கும்? மேனேஜர் சேஷாத்ரி தடுக்கிவிழாத இங்கிலீஷில் ஏதாவது கேட்பார். சார் தலை குனிந்து வணங்கிவிட்டு, "குந்துங்கோ சார், இன்னா விசயம்?" என்பார். மேனேஜருக்கு முகம் சுண்டிப்போகும்.

வேலை இப்படி. பச்சரிசியைக் கழுவி ஊறவைத்து, நீரை வடித்து, ஆவியில் வேகவைக்க வேண்டும். சோறாகக் குழையக் கூடாது. விரலில் நசுக்கினால் ரப்பர்போல் வளையவேண்டும். காடாத் துணியில் பரப்பி, உடம்புச் சூட்டுக்கு ஆறியதும், சார் சிறு சல்லடையால் அதன்மேல் விதையைத் தூவுவார். விதை என்றால் பூசணம்தான். பச்சைத் தூளாக இருக்கும். அவர் தூவும்போது அறையில் ஒருவரும் பேசக்கூடாது, ஃபேன் ஓடக்கூடாது. பிறகு துணியோடு மூட்டை கட்டி, கதகதப்பான அறையில் இரண்டு நாள். அரிசி தானாகவே சூடேறும்; சூடு மிஞ்சினால் கலைத்துவிட வேண்டும். சாரிடம் தெர்மாமீட்டர் இருந்தது. ஆனால் முதலில் புறங்கையை அரிசிக்குள் நுழைத்து ஒரு எண் சொல்வார், அதன் பிறகுதான் தெர்மாமீட்டரைப் பார்ப்பார். பெரும்பாலும் அரை டிகிரிகூடத் தப்பாது. தப்பிய நாளில், "இன்னிக்கு கை பேஜாரு" என்று கையைத் துடைத்துக்கொள்வார்.

இரண்டாம் நாள் முடிவில் ஒவ்வொரு அரிசியும் வெள்ளைப் பஞ்சு போர்த்தியிருக்கும். அறை முழுக்க அவித்த பனங்கிழங்கு வாசனை. அந்த அரிசி மற்ற அரிசியை இனிப்பாக்கும், இனிப்பு நுரைத்து மதுவாகும், மது காற்றுப்பட்டு வினிகராகும். நடுவில் வருகிற அந்த மதுதான் தலைவலி. மதுவிலக்குக் காலம்! கலால் இன்ஸ்பெக்டர் புது மாப்பிள்ளைபோல் அடிக்கடி வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் கண்ணெதிரே பழைய வினிகரை அதில் ஊற்றி, குடிக்க முடியாதபடி செய்தபின்தான் தொட்டிக் குழாயின் பூட்டைத் திறந்துவிடுவார்.

சாருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. விதை அறைக்குள் வருகிறவர்கள் அன்று காலை தயிர், பழையசோறு, இட்லி எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. புளித்ததில் இருக்கும் கிருமி கையோடு வந்து விதையைக் கெடுத்துவிடுமாம். அவர் ஊரிலும் சோயா மொச்சையைப் புளிக்கவைத்துத் தின்பார்களாம்; அவர் வீட்டார் வேலை நடக்கும் குளிர்காலம் முழுக்க அதைத் தொடமாட்டார்களாம். இதைக் கேட்டதும் கன்னியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"பழையது துன்னாம வேல செய்ய நா இன்னா தொரசானியா சார்? பத்து மணிக்கெல்லாம் கண்ண கட்டிக்கினு வந்துடும்."

மறுநாளிலிருந்து காலையில் எல்லாருக்கும் கம்பெனியில் உப்புமா நாஷ்டா. சாரும் எங்களோடு தரையில் உட்கார்ந்து அதையே சாப்பிட்டார்.

விதைக்கெல்லாம் தாய் ஒரு மரப்பெட்டியில் இருந்தது. இரண்டு சாண் நீளம், கறுத்துப்போன பலகை, மூலையெல்லாம் எலி கடித்தது, இரும்புக் கொக்கி. உள்ளே காகித மடிப்புகளில் மரச்சாம்பல் கலந்த பூசண அரிசி. சாம்பல் கலந்தால் பல வருஷம் கெடாது என்பார். தூவுகிற விதை ஜாடியில் தீரும்போது, பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் புதிதாக வளர்ப்பார். வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது.

அந்தப் பெட்டியின் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் துண்டு துண்டாகச் சொன்னார். ஏழு தலைமுறைக்கு முன் அவர்கள் அரிசி வியாபாரிகள். ஆற்றங்கரையில் கிடங்கு. மலைநாட்டு அரிசி படகில் வந்து இறங்கும். நனைந்த மூட்டையை யாரும் வாங்கமாட்டார்கள் இல்லையா? அந்த வீட்டுக்கு வாழ வந்த மருமகள் ஒருத்தி, வீணாக்க மனமில்லாமல் அதில் மது ஊறப்போட்டாள். மது நன்றாக விற்றது. பிழிந்த சக்கை மலைபோல் மிஞ்சியது. அந்தச் சக்கையிலிருந்து வினிகர் செய்யலாம் என்று கண்டுபிடித்தவன் அவள் மகன். அவன் காலத்தில்தான் எதிர்க்கரையில் ஒருவன் போட்டிக்குக் கடை போட்டான். போட்டது மட்டுமா, நேரே இவர்கள் வீட்டுக்கே வந்து கொஞ்சம் விதை கொடு என்று கேட்டானாம். மகன் ஒரு மடிப்பை எடுத்துக் கொடுத்தான். தம்பிமார்கள் அடிக்க வந்தார்கள். அவன் சொன்ன பதிலை சார் எங்கள் பாஷையில் சொன்னார்: "நம்ம ஊடு எரிஞ்சா அவன் ஊட்ல இருக்கும்."

கன்னியம்மா, "விவரமான ஆளு" என்றாள்.

யுத்தத்துக்குப் பின் சாரின் அண்ணன் தொழிலை ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் தங்கள் விதையைக் கொண்டுவந்தார்கள். பழைய விதை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது பிள்ளையான இவர் தன் பங்காகக் கேட்டது இந்தப் பெட்டியையும், நீலத்துணி அட்டை போட்ட ஒரு நோட்டையும்தான். ஆக, ஏழு தலைமுறையின் மிச்சம் எங்கள் தகரக் கூரையின் கீழ் ஒரு பலகைமேல் இருந்தது.

வேலை தொடங்கிய முதல் நாள் அவர் விதை அறை வாசலுக்குமேல் சின்னப் பலகை ஒன்றை அடித்து, காகிதத்தில் ஒரு பிடி சாம்பல் விதையை வைத்து, இரண்டு முறை கைதட்டிக் கும்பிட்டார். "உங்க சாமி பேரு இன்னா சார்?" என்று கன்னியம்மா கேட்டாள். "அரிசி" என்றார். மூன்று நாள் கழித்துப் பலகையைச் சுத்தம் செய்யச் சொன்னார். கன்னியம்மாதான் செய்தாள்.

ஒன்றரை வருஷம் போயிற்று. ஒரு போகி வந்தது. சார் லைசென்ஸ் விஷயமாக மூன்று நாள் சென்னைக்குப் போயிருந்தார். பொங்கலுக்கு முதலாளி வருகிறார், இடம் பளபளவென்று இருக்கவேண்டும் என்று மேனேஜர் உத்தரவு. விதை அறைக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தேன். சுண்ணாம்பு தெறிக்கக் கூடாதே என்று பெட்டியை நானே இறக்கி, ஒரு பழைய பாயில் சுற்றி, வெளியே வராந்தாவில் வைத்தேன். சற்று நேரத்துக்குத்தான். அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அவருக்கு ரிஜிஸ்டரைக் காட்டிக்கொண்டிருந்தபோது கன்னியம்மா வாசலில் வந்து நின்றாள்.

"சூப்ரைசரம்மா, வராண்டால கெடக்குற பாய், கூட, தொடப்பம்லாம் கொளுத்திடலாமா?"

"இதையெல்லாம் கேக்கணுமா? போகி இல்லையா இன்னிக்கு? எல்லாத்தையும் கொளுத்து" என்றேன். ரிஜிஸ்டரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

பெண்கள் தகரடப்பாவைத் தட்டிக்கொண்டு கூச்சல் போட்டது கேட்டது, புகை வாசனையும் வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. வெள்ளையடித்து முடித்து, பெட்டியை உள்ளே வைக்க வராந்தாவுக்குப் போனேன். வராந்தா சுத்தமாகக் கூட்டியிருந்தது. ஓடிப்போய்ச் சாம்பலைக் குச்சியால் கிளறினேன். இரும்புக் கொக்கி மட்டும் கிடைத்தது. ஜாடியில் இருந்த விதையும் முந்தின வாரமே தீர்ந்திருந்தது. சார் வந்துதான் புதிதாக வளர்க்க வேண்டும் என்று இருந்தோம்.

சார் பிற்பகலில் வந்தார். நான் கொக்கியை நீட்டி, "பெட்டி எரிஞ்சிடுச்சு சார்" என்றேன். எரிந்துவிட்டது, தானாக! அவர் சாம்பலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கொக்கியைச் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மேனேஜர்தான் கத்தினார். "யாருடி இந்த வேலையைச் செஞ்சது?"

"நாந்தா சார் கொளுத்தினேன்" என்றாள் கன்னியம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். வேலை போய்விடும், அப்பா முகத்தில் விழிக்க முடியாது, திரும்பவும் வடாம். இதெல்லாம்தான் என் மனசில் ஓடியது. மேனேஜர், "நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராதே" என்றார். அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் ரிஜிஸ்டரை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்குத் திருவள்ளூர் போகவில்லை. அத்தை வீட்டிலேயே இருந்துவிட்டேன். மறுநாள் மாட்டுப் பொங்கலன்று இரண்டு கரும்பை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். உண்மையை ஒப்புக்கொள்ளப் போனேன் என்று எழுத ஆசைதான். அப்படியில்லை. நாலு நல்ல வார்த்தை சொல்லி, கரும்பைக் கொடுத்துவிட்டு, மனசைத் தேற்றிக்கொண்டு வரப்போனேன்.

கன்னியம்மா வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தாள். கரும்பை ஒரு பார்வை பார்த்தாள்.

"இத்த குடுக்கத்தான் வந்தியா?"

"கோவமா கன்னிம்மா?"

"எல்லாத்தையும் கொளுத்துன்னு நீதான சொன்ன? அன்னிக்கு வாயத் தொறந்திருந்தா முத்தா உதுந்துட்டிருக்கும்? எட்டு பேர் எதிர்ல திருடி மாரி அனுப்பிச்சாங்கோ. ஊட்ல இன்னான்னு சொல்லுவேன்?"

நான் அழுதேன். வேறென்ன செய்ய? அவள் வலையைக் கீழே வைக்கவேயில்லை. "பெட்டியத் தொறந்து நாங்க யாரும் பாத்ததில்ல. உள்ள வெத எப்டிதான் இருந்திச்சி?" என்றாள்.

"தாய் விதை. சாம்பல் கலந்த அரிசி. இனிமே உலகத்துல எங்கயும் கிடையாது."

"சாம்பலரிசியா? மொத நாளு சாமிப் பலகைல வெச்சாரே, அதுவா?"

"அதேதான்."

அவள் கை நின்றது. தலையைத் தூக்கி என் தலைக்குமேல் பார்த்தாள். நானும் திரும்பினேன். நிலைப்படிக்குமேல், காய்ந்த எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு.

"சாமிக்கு வெச்சத குப்பைல போடுவாங்களா? துன்னூறுன்னு நெனச்சிக்கினு எட்தாந்து கட்னேன். ஊட்டுக்காரரு படவுல ஒரு முடிச்சி கட்னாரு, அது ஏரியில பூட்சி. இது மட்டும் கீது."

நான் எக்கிக் கையை நீட்டினேன். பட்டென்று கையில் ஒரு அடி விழுந்தது.

"தொடாத. நீ போயி அவங்க ரெண்டு பேருக்கும் எதிர்ல நடந்தத சொல்லு. சொன்னா தரேன். இல்லன்னா எங்க ஊட்டு சாமி எங்க ஊட்லயே இருக்கட்டும்."

அவளே முடிச்சை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். வழி முழுக்கக் கரும்பைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

சாரின் அறை வாசலில், மேனேஜரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, சொன்னேன். பெட்டியை வெளியே வைத்தது நான், மறந்தது நான், கொளுத்தச் சொன்னது நான், பேசாமல் இருந்ததும் நான். மேனேஜர் ஏதோ ஆரம்பித்தார். சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அலமேலம்மா, மூணு நாளு இன்னா பண்ணிக்கினு இருந்தீங்கோ?"

அவ்வளவுதான் கேட்டார்.

கன்னியம்மா முடிச்சை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு, அவள் காலைத் தொட்டுவிடுவாரோ என்று நாங்கள் பதறும் அளவுக்குக் குனிந்து வணங்கினார்.

ஆனால் உப்புக்காற்றிலும் அடுப்புப் புகையிலும் ஒன்றரை வருஷம் தொங்கியது உயிரோடு இருக்கவேண்டுமே! அன்றே அரிசி வேகவைத்தோம். முதல் தட்டில் கறுப்புப் பூசணம் வந்தது. இரண்டாவதில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில் ஒரு மூலையில், மிளகளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. சார் தீக்குச்சியால் அதை எடுத்து வேறு தட்டில் வைத்தார். அதிலிருந்து எடுத்து இன்னொன்றில். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே. புது விதைக்குக் கலக்கச் சாம்பல் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு உருக்கம் வந்து, "போகிச் சாம்பலையே போடலாமா சார்? பெட்டியோட சாம்பலாச்சே" என்றேன். "அதுல செருப்பு எரிஞ்சிது" என்றுவிட்டுப் புளியம் விறகு கொண்டுவரச் சொன்னார்.

ஒரு காலை கதவைத் திறந்ததும் பனங்கிழங்கு வாசனை வந்தது. சார் புறங்கையை அரிசிக்குள் நுழைத்தார். எண் எதுவும் சொல்லவில்லை. கையை வெளியே எடுக்கவுமில்லை.

நீ ஃப்ரிட்ஜில் பார்த்த குழாயில் இருப்பது அந்த விதைதான். கன்னியம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. என்னை மூன்று மாதம் அரிசி கழுவப் போட்டார் சார், மேற்பார்வை அவளுக்கு. அந்த மூன்று மாதத்தை அவள் அணு அணுவாக ருசித்தாள். "இன்னாம்மே, கல்லு கெடக்குது பாரு, எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச கண்ணுக்குத் தெரியலியா?" என்பாள். தண்ணீர்த் தொட்டியருகே எட்டுப் பேரும் சிரிப்பார்கள்.

விதை பிழைத்த அந்த வாரமே சார் நீலத்துணி நோட்டைக் கொண்டுவந்தார். அதில் குடும்பத்தின் விதை எப்போதெல்லாம் எப்படி அழிந்தது, யார் வீட்டிலிருந்து திரும்பி வந்தது என்று மட்டும் எழுதியிருக்குமாம். அதுவரை இரண்டே பக்கங்கள். முதல் முறை வீடு தீப்பற்றியபோது கொடுத்தவன் எதிர்க்கரைப் போட்டிக்காரன். இரண்டாம் முறை, யுத்தத்தில் குண்டு விழுந்தபோது, மலையடிவாரத்தில் தனியாக இருந்த ஒரு விதவை. அந்த இரண்டு வீட்டிலும் இப்போது அந்த விதை கிடையாதாம். கொடுத்தவர் தன் கையால் தன் பெயரை எழுதவேண்டும் என்பது முறை. சார் மூன்றாம் பக்கத்தில் தன் எழுத்தில் ஒரு வரி எழுதி, நோட்டைக் கன்னியம்மா பக்கம் திருப்பினார்.

அவளுக்கு எழுதத் தெரியாது. மேனேஜர் ஸ்டாம்ப் பேடை எடுத்துவந்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கைநாட்டு வாங்கித்தான் எங்க மாமனாரு மனைய எட்துக்கினாங்கோ. இன்னா எழ்திகீதுன்னு தெரியாம வெக்க மாட்டேன். சூப்ரைசரம்மா தமிழ்ல எழ்தி படிக்கட்டும்."

சார் பேனாவை என்னிடம் கொடுத்தார். "இந்த விதை கன்னியம்மா ஊட்டு நிலைப்படியிலிருந்து வந்தது" என்று எழுதிப் படித்தேன்.

அவள் தலையை ஆட்டினாள். "எப்டி எரிஞ்சிதுன்னு மேல கீறவங்களுக்குலாம் எழ்திகீதுல்ல? இதுக்கும் எழ்து."

எட்டுப் பெண்களும், மேனேஜரும், சாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிக்கு மேலே இருந்த கொஞ்ச இடத்தில், "அலமேலு சொல்லிக் கன்னியம்மா கொளுத்தினாள்" என்று எழுதினேன். சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு முறை என்றாள். படித்தேன்.

"இப்ப சரி" என்று சொல்லிவிட்டு, பெருவிரலை மையில் உருட்டி, என் பெயருக்குக் கீழே அழுத்தி வைத்தாள்.